சாரல் வரும் கணவாய்க்குத் தெற்கே ஒரு பறவை

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாகப் பறவை, பறவை என்றே இருக்கிறாள். ‘அசம்பு சோலைக்கிளி’ என்று ஒரு பறவை உலகத்திலேயே நம் பக்கத்து மலையில் மட்டும்தான் உண்டு என்று புத்தகத்தில் படம் காட்டினாள். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஜூலையில் சீசனுக்குச் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. எல்லாரும் குற்றாலம் போகிற அன்றைக்கு அப்படியே செண்பகாதேவி அருவிக்கு மேலே ஏறிப் பார்த்துவிடலாமா என்று யோசிக்கிறோம். தெரிந்த வேன் டிரைவர் ஒருவர், “காலையில் நாலு மணிக்கு வந்துவிட்டால் ஆள் வைத்து மேலே ஏற்றிவிடுகிறேன், ஒருத்தருக்கும் தெரியாது” என்கிறார். மாமனாருக்கு எழுபது வயது, முட்டிவலி வேறு. ஆனாலும் பேத்தியோடு வருவேன் என்கிறார். பறவை கண்ணில் படுமா? எந்த இடம், எந்த மாதம் நல்லது? பெரிய கேமரா வாங்க வேண்டுமா? செல்போனில் அதன் பாட்டைப் போட்டால் பக்கத்தில் வந்துவிடும் என்கிறார்களே, அது சரியா?
– ஒரு வாசகி, இலஞ்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டிரைவரிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் உதவி செய்யும் எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அருவிக்கு மேலே இருப்பது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு அவர்மேல் மட்டும் வராது, கூடப் போன எல்லார்மேலும் வரும். வழக்கை விடுங்கள். விடியாத நேரத்தில் யானை நடமாடும் பாதையில் ஒரு பெரியவரையும் ஒரு சிறுமியையும் கூட்டிக்கொண்டு நடப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. மழைக்காலத்து ஓடையை நம்பவே கூடாது. மேலே கொட்டிய மழை கீழே நிற்பவருக்குத் தெரிவதற்குள் தண்ணீர் வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது எல்லாரும் குளிக்கிற, காவலுக்கு ஆள் இருக்கிற இடம். மேலே யாரும் இல்லாத ஓடையில் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் முறையான வழி இருக்கிறது. 2018இல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. குறிப்பிட்ட பாதைகளில், இணையத்தில் பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். தென்காசி மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. எந்தப் பாதை எந்த மாதம் திறந்திருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்குக் காட்டைப் பழக்க இது நல்ல ஏற்பாடு.

ஆனால் முறையாகவே செண்பகாதேவி வரை போனாலும் அவள் தேடும் பறவை அங்கே இருக்காது. காரணம் உயரம். குற்றாலம் பேரருவி விழும் இடம் கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர்கூட இல்லை. செண்பகாதேவி அதற்குக் கொஞ்சம் மேலே. சோலைக்கிளியோ ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மேகம் வந்து படிகிற, வருடம் முழுக்க ஈரம் காயாத உயரத்துச் சோலைக்காடுதான் அதற்கு வீடு. வெயில் ஏறிய அடிவாரக் காட்டில் அது ஒரு நாள்கூடத் தங்காது.

இந்தப் பறவை ஏன் அபூர்வம் என்பதை மகளுக்குச் சொல்ல வேண்டுமானால் உங்கள் மொட்டைமாடிக்கு ஏறினால் போதும். மேற்கே பாருங்கள். இடது கைப்பக்கம் குற்றாலத்துத் திரிகூடமலை. வலது கைப்பக்கம் பண்பொழித் திருமலைக்கோயிலுக்குப் பின்னால் எழுகிற மலைகள். இரண்டுக்கும் நடுவில் மலை தாழ்ந்து, வானம் கீழே இறங்கினாற்போல ஓர் இடம் தெரியும். அதுதான் செங்கோட்டைக் கணவாய். புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையும், 1904இல் திறந்த கொல்லம் ரயில் பாதையும் அந்தத் தாழ்வைப் பிடித்துத்தான் போகின்றன. குறுகலான இடத்தில் அதன் அகலம் ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஜூன் பிறந்ததும் தென்மேற்குக் காற்று அந்த வாசல் வழியாகப் பாய்ந்து வந்துதான் தென்காசியில் சாரலைத் தூவுகிறது. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான்.

அந்தக் கணவாய் சோலைக்கிளிக்கு எல்லைக்கோடு. பருந்தும் இருவாச்சியும் அதைச் சாதாரணமாகக் கடந்துவிடும். தரையோடு தரையாக, புதர் நிழலை விட்டு வெளியே வராத சின்னப் பறவைக்கு, சோலைக்குரிய உயரம் இல்லாமல் தாழ்ந்து கிடக்கும் ஏழெட்டு கிலோமீட்டர் என்பது கடக்க முடியாத தூரம். லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கணவாய்க்கு வடக்கே இருந்தவை வடக்கேயே இருந்தன, தெற்கே இருந்தவை தெற்கேயே இருந்தன. சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர் சீமைப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது இரண்டு பக்கத்துப் பறவையும் ஒரே இனம் என்றுதான் கொள்ளப்பட்டது. பார்வைக்கு அவ்வளவு ஒற்றுமை.

வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலிய ஆய்வாளர்கள் மலை மலையாகப் போய், மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, அளவெடுத்து, சில துளி ரத்தம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டார்கள். 2010இல் வந்த அவர்களுடைய கட்டுரை பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் ஆகியவற்றின் இரு பக்கத்துப் பறவைகளும் மரபணுவில் வெகுதூரம் விலகிவிட்டன என்று காட்டியது. 2017இல் வந்த பெரிய ஆய்வில், இவை உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம் என்று பிரித்தார்கள். நீலகிரிப் பக்கம் ஒரு சோலைக்கிளி, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே நம்முடையது, ஆக மூன்று. நம்முடையதற்கு அறிவியல் பெயர் கிடைத்ததே அந்த 2017ஆம் வருடம்தான். கன்னியாகுமரி மாவட்டத்து அசம்பு மலையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அகத்தியமலைத் தொடரின் உயர்ந்த சோலைகளை விட்டால் இந்தப் பூமியில் அதற்கு வேறு இடம் கிடையாது. உங்கள் மகள் படித்தது உண்மை. அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

இனி பயணத்துக்கு வருவோம்.

ஜூலை வேண்டாம். மலைமேல் மழை விடாது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அட்டை மொய்க்கும். போதாக்குறைக்கு ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும்போது அம்பாசமுத்திரம் வட்டாரமே நெரிசலாகிவிடும். பறவையை மட்டும் நினைத்தால் மே மாதம் நல்லது. பாட்டு அதிகமாக இருக்கும், குரலை வைத்தே இடம் பிடித்துவிடலாம். ஆனால் சோலைக்கிளி கூடு வைப்பதும் அந்த மாதங்களில்தான். ஓடைக்கரை மண்ணிலோ மரப்பொந்திலோ கூடு இருக்கும். தெரியாமல் பக்கத்தில் போய் நின்றாலே தாய்ப்பறவை திரும்பி வராமல் தவிக்கும். முதன்முறையாகப் போகிறவர்களுக்கு அந்த மாதத்தை நான் சொல்ல மாட்டேன். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம், பல பாதைகளை மூடிவிடுவார்கள். ஆகவே உங்களுக்கு ஏற்றது ஜனவரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகளில் தண்ணீர் இருக்கும். அட்டை குறைந்திருக்கும். பள்ளிக்குப் பொங்கல் விடுமுறையும் வருகிறது.

இடம்? என் முதல் தேர்வு மாஞ்சோலை மலை. தென்காசியிலிருந்து கடையம் வழியாக அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு. சோதனைச்சாவடி தாண்டினால் ஏற்றம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி என்று வரிசையாக ஊர்கள். ஆயிரம் மீட்டரில் தொடங்கி அதற்கு மேலே போகிற மலை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுவே, தேயிலைத் தோட்டத்துக்கும் அசல் சோலைக்கும் இடையில் ஒரு சாலை மட்டுமே இருக்கிற இடங்கள் இங்கே உண்டு. முட்டிவலிக்காரர் நடக்காமலே சோலையின் விளிம்பு வரை போய்விடலாம். உங்கள் மாமனாரை மனதில் வைத்துத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இந்த மலை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 1929இல் ஒரு தனியார் கம்பெனி சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்த தோட்டம் இது. 2028 வரை கெடு இருந்தும் 2024இலேயே கம்பெனி தொழிலை நிறுத்தியது. நாலைந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டி வந்தது. எந்த ஓடையில் எந்தக் குரல் கேட்கும் என்று புத்தகம் படிக்காமலே சொல்லக்கூடிய மனிதர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் இல்லாத மாஞ்சோலையை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. பேருந்து, தங்குமிடம், அனுமதி எல்லாமே இதனால் மாறியிருக்கலாம். போன வருடம் போய்வந்தவர் சொன்னதை நம்பிப் புறப்படாதீர்கள். அம்பாசமுத்திரத்தில் புலிகள் காப்பகத் துணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. நேரில் போய்க் கேளுங்கள். குதிரைவெட்டியில் வனத்துறை ஓய்வு விடுதி உண்டு. அது கிடைத்தால் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கீழே சோதனைச்சாவடி திறந்த பிறகு புறப்பட்டு மேலே போய்ச் சேர்வதற்குள் பறவைக்கு நல்ல நேரம் முடிந்துவிடும். மேலேயே தங்கியவருக்குத்தான் விடியற்காலை கிடைக்கும்.

தங்க முடியவில்லை என்றால் சோர்ந்துபோக வேண்டாம். பனி மூடிய நாளில் பதினொரு மணிக்கும் சோலைக்குள் இருட்டாகத்தான் இருக்கும். அப்போதும் இந்தப் பறவை வெளியே வரும்.

இரண்டாவது வழி பொன்முடி. செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, விதுரை என்று கேரளத்துக்குள் சுற்றிப் போக வேண்டும். கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான பயணம், ஆனால் போகும் வழியெல்லாம் காடு. கேரள வனத்துறையின் சோதனைச்சாவடி திறக்கும் நேரத்தையும், மழை காரணமாக மூடியிருக்கிறார்களா என்பதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் சோலைக்கிளியைவிட, சிரிப்பான் என்ற இன்னொரு பறவையைத் தேடிப் போக வேண்டும்.

அசம்பு மலைச் சிரிப்பான் உங்கள் கடிதத்தில் இல்லாத பறவை. ஆனால் இந்தப் பயணத்தைக் காப்பாற்றப்போவது அதுதான் என்று நினைக்கிறேன். 1880இல் பிளான்போர்டு என்பவர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய பறவை. சோலைக்கிளியின் கதைதான் இதற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதன் பேரினத்தில் நான்கு சிரிப்பான்கள், நம் கணவாய்க்குத் தெற்கே இருப்பது இந்த ஒன்று மட்டும். வேறு எந்த நாட்டிலும், வேறு எந்த மலையிலும் கிடையாது. அபூர்வத்தில் சோலைக்கிளிக்குக் குறைந்ததில்லை, ஆனால் வெட்கம் கிடையாது. ஜோடியாகவோ கூட்டமாகவோ சேர்ந்து, சிரிப்பு போலச் சத்தம் போட்டுக்கொண்டு, தோட்டத்து ஓரப் புதர்களில் பழம் தின்ன வரும். மேலே பழுப்பு, மார்பில் சாம்பல் கீற்றுகள், வயிற்றில் செம்பழுப்பு, கண்ணுக்கு மேலே சின்னதாக ஒரு வெள்ளைப் புருவம். பழனிமலைச் சிரிப்பானுக்கு அந்தப் புருவம் கண்ணைத் தாண்டி நீளும். இதற்குக் கண்ணோடு நின்றுவிடும். மகளிடம் இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பார்த்துவிட்டால் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழும் ஒரு பறவையை அவள் பார்த்தாயிற்று. பிறகு வரும் காத்திருப்பில் பதற்றம் இருக்காது.

சோலைக்கிளியைப் பார்ப்பதில் அலைச்சல் உதவாது. பத்து இடத்துக்கு ஓடுகிறவருக்கு அது கிடைப்பதில்லை. சாலைக்கு அடியில் ஓடை கடக்கிற இடங்களில் மதகு கட்டியிருப்பார்கள். மதகின் இரு பக்கமும் மண் சரிந்து, பெரணியும் காட்டு ஏலமும் மண்டி, பகலிலும் இருண்டு கிடக்கும். அதைப் போன்ற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். புலிகள் காப்பகத்தில் கண்ட இடத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. எங்கே இறங்கலாம் என்று வனக்காவலரிடம் கேட்டு, முடிந்தால் அவரையும் கூட வைத்துக்கொண்டு உட்காருங்கள். மாமனார் மதகுச் சுவரில் உட்காரட்டும், பக்கத்தில் பேத்தி. பேச்சு வேண்டாம், கை நீட்டிக் காட்டவும் வேண்டாம். ஒரு மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும். அந்த வயதுக்காரர்களுக்குத்தான் அது இயல்பாக வரும். உங்கள் குடும்பத்தில் இந்தப் பறவையை முதலில் பார்க்கப்போவது அவராக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

காக்காச்சிப் பக்கத்தில் ஒரு மதகருகே அப்படிப் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் குரல்தான் வந்தது. மெல்லிய சீழ்க்கை, இடையிடையே கரகரப்பு, அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வருகிறது என்று நம்ப முடியாத நீளம். பிறகு ஓடைக்கரையில் அழுகிக் கிடந்த ஒரு கட்டையின்மேல் ஏதோ கறுப்பாக நகர்ந்தது. புத்தகத்தில் நீலமாக இருக்கிறதே என்று நீலத்தைத் தேடினால் ஏமாந்துபோவோம். நிழலில் அது கறுப்புதான். குண்டுக்கரிச்சானைவிடச் சிறியது, நீண்ட கால்கள். இரண்டு தத்து தத்தும், நிற்கும், தலையைச் சாய்த்து இலைச்சருகைப் பார்க்கும், ஒரு பூச்சியை எடுக்கும், மறுபடி நிற்கும். ஒரு பக்கம் திரும்பியபோது வயிற்று வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. மேகம் விலகி வெளிச்சம் கொஞ்சம் இறங்கியதும் தலையிலும் மார்பிலும் கருநீலமும், நெற்றியில் வெளிறிய நீலப் பட்டையும் தெரிந்தன. அவ்வளவுதான், பெரணிக்குள் போய்விட்டது. வெள்ளை வயிறு, தரையில் தத்துவது, அந்த உயரம், அந்த மலை, இத்தனையும் சேர்ந்தால்தான் அது அசம்பு சோலைக்கிளி. பழனிமலைச் சோலைக்கிளியைப் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்கத் திணறுவோம். நீங்கள் நிற்கிற இடம்தான் அதற்குப் பெரிய அடையாளம்.

செல்போனில் பாட்டுப் போடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வரும், உண்மைதான். ஏன் வருகிறது என்று பாருங்கள். தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு, சண்டைக்கு வருகிறது. எதிரி கண்ணில் படாததால் சுற்றிச்சுற்றிப் பாடுகிறது. வைரியோ பாம்போ பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே அதன் முடிவு. ஒருவர் ஒரு முறை போட்டுவிட்டுப் போனால் அது சமாளித்துவிடலாம். ஆனால் சாலையோரத்தில் இருக்கும் ஒரே ஜோடியிடம் ஒவ்வொரு சனி ஞாயிறும் ஒவ்வொரு குழுவும் போட்டால், அந்த ஜோடி இடத்தையே விட்டுப் போகும். போவதற்கு அதற்கு வேறு மலை இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். கணவாயின் இரு பக்கத்துப் பறவைகளுக்கும் பாட்டிலேயே வேறுபாடு உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதிவுகளில் பாதி எந்த மலையில் எடுத்தது என்று போடுகிறவருக்கே தெரியாது. ஒலிப்பதிவை வீட்டில் கேட்கட்டும். சாப்பிடும்போதும் தூங்கப்போகும்போதும் கேட்டுக் காதில் ஏற்றிக்கொள்ளட்டும். மலைக்குப் போனால் செல்போன் பைக்குள் இருக்க வேண்டும். உங்களோடு வருகிற வழிகாட்டி தானாகவே பாட்டுப் போட முனைந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். காசு கொடுத்துப் போகிறவர் சொன்னால் கேட்பார்கள்.

பெரிய கேமரா இப்போது வேண்டாம். அந்த இருட்டில் விலை உயர்ந்த கேமராவே திணறும். படம் வரவில்லையே என்ற கவலையில் பிள்ளை பறவையைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பணத்தில் நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். எட்டு மடங்கு பெருக்கி, 42 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ளது போதும். பத்து மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். அது கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கும், இருட்டில் மங்கலாகவும் இருக்கும். பச்சை, பழுப்பு மாதிரி மங்கலான உடை, கழுத்து வரை மூடும் சட்டை, அட்டைக்கு முழங்கால் வரை துணி உறை, மாமனாருக்கு ஒரு ஸ்வெட்டர். ஜனவரி விடியலில் அங்கே நல்ல குளிர் இருக்கும்.

ஜூலைப் பயணத்தை ரத்து செய்யவும் வேண்டாம். நாத்தனார் குடும்பம் குளிக்கட்டும். கூட்டம் சேர்வதற்கு முன் விடிந்தும் விடியாமல் மகளை ஐந்தருவிப் பக்கம் கூட்டிப் போங்கள். தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே யாரோ மனிதர் ஏதோ ஒரு மெட்டை மறந்து மறந்து சீட்டியடிப்பது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. பாறை ஓடைகளை விட்டுப் போகாத பறவை. நெற்றியிலும் தோளிலும் மின்னும் நீலம் இருக்கும். அதன் குரலை ஓடைச் சத்தத்திலிருந்து பிரித்துக் கேட்கப் பழகிய காது ஜனவரியில் மதகருகே உதவும். பாறைமேல் மட்டும் ஏற விடாதீர்கள், சாலையிலிருந்தே கேட்கலாம்.

மகளுக்கு இன்னொரு யோசனை. 2015லிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததையெல்லாம் எழுதி ‘ஈபேர்ட்’ தளத்தில் ஏற்ற வேண்டும். இலஞ்சிக் குளக்கரையில் நின்றே அவள் கலந்துகொள்ளலாம். மணிமுத்தாற்றில் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இருக்கிறது. தாமிரபரணி நீர்ப்பறவைகளை 2011லிருந்து பொதுமக்களை வைத்தே கணக்கெடுக்கிறவர்கள். மாஞ்சோலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது என்பதால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டுப் போகலாம். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு அங்கே பேச ஆள் கிடைக்கும். சோலைக்கிளியைப் பார்த்துவிட்டால் அதையும் எழுதி வைக்கட்டும். ஆனால் கூடு கண்ணில் பட்டால் இடத்தைச் சரியாகக் குறிப்பிட்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

பார்க்காமலே திரும்பவும் கூடும். ஒரே நாளில் இந்தப் பறவையைக் காட்டுவேன் என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள். அப்படி ஆனால் இன்னும் சில வருடம் கழித்து, கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து வனத்துறை அனுமதியோடு அகத்தியர்கூடத்துக்கு ஏறும் பாதை இருக்கிறது. 1,868 மீட்டர் சிகரம். இரண்டு மூன்று நாள் நடை, சோலைக்கிளியின் சோலைக்கு நடுவிலேயே. அதற்கு அவள் கால் இன்னும் கொஞ்சம் வலுக்கட்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நவம்பர் கடைசியில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். பறவை பார்க்க என்று காரணத்தைத் தெளிவாகப் போடுங்கள். வருகிறவர்களின் பெயர், வயது, அடையாள அட்டை நகல், வண்டி எண், ஓட்டுநர் பெயர், தேதி, கூடவே மாற்றுத் தேதி ஒன்று, எல்லாவற்றையும் இணைத்து அம்பாசமுத்திரம் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு மறுநாளும் காணும் பொங்கலும் மணிமுத்தாறு அருவிக்குக் கூட்டம் அள்ளும், வண்டிகளைக் கட்டுப்படுத்துவார்கள். ஆகவே தேதியை விடுமுறையின் முதல் நாளுக்கோ, அது முடிந்த அடுத்த சனிக்கிழமைக்கோ கேளுங்கள்.